கடைசி ஆளின் இடது கால்

என் அக்காவுக்கு எல்லோருக்கும் பின்னால் நடப்பதுதான் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். இதற்கெல்லாமா ஒரு ஆள் வைப்பார்கள் என்பார்கள். மலை ஏறிப் பழக்கமில்லாதவர்கள்தான் அப்படிச் சிரிப்பது. ஏறியவர்களுக்குத் தெரியும், முன்னால் போகிறவரை விடப் பின்னால் வருகிறவர்தான் முக்கியம் என்று.

எங்கள் ஊருக்குப் பின்புறம் மலை. மேலே ஒரு ஏரி. அந்த ஏரியைப் பார்த்தே தீருவேன் என்று வெளியூர்க்காரர்கள் புது ஷூ போட்டுக்கொண்டு வருவார்கள். பாதி வழியில் குதிகாலில் கொப்புளம் வந்து, கூட வந்தவர்களின் உயிரை வாங்குவார்கள். கூட்டத்துக்கு முன்னால் வழிகாட்டி போவார். பின்னால் கடைசி ஆள் வர வேண்டும். யாராவது மூச்சு வாங்க நின்றால் அவரும் நிற்க வேண்டும். யாராவது உட்கார்ந்தால் காத்திருக்க வேண்டும். தனக்குப் பின்னால் ஒரு உயிரையும் விட்டுவிட்டு வரக் கூடாது.

மூடுபனி இறங்கிவிட்டால் அங்கே கண்ணுக்கு வேலை இல்லை. காதை நம்பித்தான் நடக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வளைவிலும் வழிகாட்டி நின்று, "கடைசி?" என்று கத்துவார். கூட்டத்தில் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, கடைசி ஆள் "வந்தாச்சு!" என்று பதில் கொடுக்க வேண்டும். அது காதில் விழுந்தால்தான் வழிகாட்டி அடுத்த அடி எடுத்து வைப்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். பார்த்தாலும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

நான் மலை ஏறுவதில்லை. ஏறுகிறவர்களின் கிழிசலைத் தைப்பதோடு சரி. கீழ்த்தளத்தில் என் கடை இருக்கிறது. பை, மழைக்கோட்டு, கூடாரத் துணி எல்லாம் தைத்துக் கொடுப்பேன். மேலே இரண்டு அறை. நடுவில் செங்குத்தான மரப்படிகள். அக்காவும் அவள் வீட்டுக்காரரும் மேலே இருந்தார்கள். நான் கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல் கடையை ஒட்டிய சின்ன அறையில் இருந்துகொண்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

அக்காவுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் மாமா. அதாவது அக்கா வீட்டுக்காரர். ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். அவருக்கு இடுப்புவலி இருந்தது எங்களுக்குத் தெரியும். எவ்வளவு இருந்தது என்பதுதான் தெரியாது. வேலை முடிந்து வந்ததும் கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார்.

"என்ன மாமா, கதவு விழுந்துடும்னு பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களா?" என்பேன்.

"இல்லம்மா, நான் விழுந்துடுவேன்னு கதவு என்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது" என்பார்.

நானும் சிரித்துவிட்டுத் துணியைத் தைப்பேன். ஒரு மனுஷன் தன் வலியை வைத்தே நம்மைச் சிரிக்க வைத்தால் நாம் என்ன செய்ய முடியும்? சிரிக்கத்தான் முடியும்.

அவர் இறந்த அன்று ஏரியிலிருந்து இறங்கும் வழியில் பனியும் மழையும் சேர்ந்துகொண்டன. அடிவாரத்துக் கல் குடிலில் கூட்டம் வந்து சேர்ந்தபோது எல்லோரும் இருந்தார்கள், மாமாவைத் தவிர. வழிகாட்டி திரும்ப ஓடினார். அதற்குள் ஓடை பெருகி வழியை அடைத்துவிட்டது. மறுநாள் விடிந்த பிறகுதான் மாமா கிடைத்தார். வெகு மேலே, ஒரு வளைவில், பாறை மேல் உட்கார்ந்தபடி இருந்தார். முதுகில் பை. இடது கால் மட்டும் விறைப்பாக நீட்டியிருந்தது. மழைக்குளிர் அவரைக் கொன்றிருந்தது.

"நான் ஒவ்வொரு வளைவிலயும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் வந்தாச்சுன்னு பதில் வந்துச்சு. என் காதால கேட்டேன்" என்று வழிகாட்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அப்புறம்தான் எங்களுக்கு விளங்கியது. கால் மடங்காமல் போகும்போதெல்லாம் மாமா ஒரு பாறையில் உட்கார்ந்துகொள்வாராம். உட்கார்ந்தபடியே "வந்தாச்சு" என்பாராம். வலி விட்டதும் எழுந்து ஓட்டமும் நடையுமாகக் கூட்டத்தைப் பிடித்துவிடுவாராம். அடிக்கடி வரும் ஒரு அம்மாள் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லாதீர்கள், வேலை போய்விடும் என்று மாமா அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார், அப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறார். மலையில் குரல் போகிற தூரத்துக்குக் கால் போகாது. அவர் குரல் மட்டும் கூட்டத்தோடு இறங்கி வந்திருக்கிறது. 

அக்கா அழவில்லை. வந்தவர்கள் எல்லாம் அவளை அழ வைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கல்லுளிமங்கி மாதிரி உட்கார்ந்திருந்தாள். மலையேற்றத்துக்கான அடுத்த பருவம் தொடங்கியதும் நேராக வழிகாட்டியிடம் போய், "அவர் வேலையை எனக்குக் குடுங்க" என்று நின்றாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே முடியாத மனுஷன், எங்கே மறுப்பது? கொடுத்துவிட்டார். மாமாவின் பையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பியவள்தான். நன்றாகவே நடந்தாள். உடம்பு இறுகி, முகம் கறுத்து, ஊர்ப் பெண்களில் அவளைப் போல மலை ஏற ஆளில்லை என்று பேர் வாங்கினாள்.

பிறகு ஒரு சாயங்காலம் நான் மிஷினில் இருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ படியேறும் சத்தம் கேட்டது. ஒரு படி அழுத்தமாக, அடுத்த படி இழுத்தாற்போல. மறுபடி ஒரு அழுத்தம், ஒரு இழுப்பு. என் கை நின்றுவிட்டது. அது மாமாவின் நடை. இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுப் பழகிய நடை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் மேல் படியிலிருந்து, "டீ போட்டியாடி?" என்று அக்காவின் குரல் கேட்டது.

எழுந்து போய்ப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தரையில் ஊன்றாமல் நின்றாள்.

"என்னக்கா கால்ல?"

"ஒண்ணுமில்ல."

அந்த ஒண்ணுமில்லையைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டுப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்தது எங்களைவிட ரொம்பச் சின்னப் பெண். ஆனால் கெட்டிக்காரி. அக்காவைப் படுக்க வைத்து, காலை நேராகத் தூக்கினாள். கொஞ்ச தூரம் போவதற்குள் அக்காவின் முகம் கோணியது.

"இது சயாட்டிகா. முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை அழுத்துது. அதான் இடுப்புல பிரச்சனை, கால்ல வலி" என்றாள்.

அக்கா கூரையைப் பார்த்தாள். பிறகு, "இது ஒட்டுமாம்மா? புருஷன்கிட்ட இருந்து வருமா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

"அதெல்லாம் ஒட்டாதுங்க. சுமை தூக்கிக் குனிஞ்சு நிமிர்ற யாருக்கும் வரலாம். பயப்படாதீங்க, பெரும்பாலும் சரியாயிடும். ஆனா படுத்தே கிடக்காதீங்க. நடக்கணும். நடக்கும்போது வலி எந்தப் பக்கம் போகுதுன்னு கவனிங்க. கெண்டைக்கால்ல இருந்து தொடைக்கு, தொடையில இருந்து இடுப்புக்குன்னு மேல ஏறினா நல்லது. பாதத்துப் பக்கம் இறங்கினா உடனே நிறுத்திடணும். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, ஒண்ணுக்கு அடக்க முடியலன்னாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்."

குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்துகிற பயிற்சியைச் செய்து காட்டினாள். குனிகிற வேலைக்கு இடுப்பை வளைக்காதீர்கள், முட்டியை மடக்குங்கள் என்றாள். கிளம்பும்போது, "வேலை இடத்துல சொல்லிடுங்க. கொஞ்ச நாளைக்கு ஏரி வரைக்கும் போக வேண்டாம். சின்ன தூரம் போங்க" என்றாள். அக்கா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் ஒரு காசுக்கு நம்பவில்லை.

ஆனாலும் பயிற்சியைக் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். காலையில் மேல் அறைத் தரையில் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்குவாள். முட்டிகளுக்கு நடுவில் தலையணை வைத்து ஒருக்களித்துத் தூங்கினாள். நான் மாமாவின் பைக்கு அகலமான இடுப்புப் பட்டை தைத்து, கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்கிற மாதிரி உள்ளே ஒரு அறையும் வைத்துக் கொடுத்தேன். வலி கொஞ்சம் குறைந்தது. வழிகாட்டியிடம் மட்டும் அவள் வாயே திறக்கவில்லை.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று ஒருநாள் பிடித்துக்கொண்டேன். "அவரை மாதிரி நீயும் பாறையில உக்காந்து செத்துத் தொலையணுமா? எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்திதான்."

"சொன்னா என்னை அடிவாரத்துக் கீழ்ப்பாதையில போட்டுடுவாங்கடி. அங்கே பனி வராது."

"பனி வராட்டா நல்லதுதானே?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பனியிலதான் அவர் குரல் கேக்குது" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள். வழிகாட்டி கடைசி என்று கேட்பார். இவள் வந்தாச்சு என்பாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, இவளுக்குப் பின்னால், யாருமே இருக்கக் கூடாத இடத்திலிருந்து, அதே வார்த்தை இன்னொரு தரம் கேட்கும். மாமாவின் குரல். கொஞ்சம் கரகரப்பாக, பேச்சுக்குப் பின்னால் சிரிப்பை ஒளித்து வைத்த மாதிரி. முதல் தடவை பயந்தாளாம். அப்புறம் அதற்காகவே போக ஆரம்பித்தாளாம்.

"அது எதிரொலிதான்க்கா."

"எதிரொலிக்கு என் குரல்தானே இருக்கணும்? முதல்ல தூரத்துல கேட்டுச்சு. இப்ப ரொம்பக் கிட்ட வந்துட்டாரு. கால் வலிக்கிற அன்னிக்கு இன்னும் கிட்ட. நீ என்ன வேணா சொல்லு, நான் அவரை விட்டுட்டு வரமாட்டேன்."

நான் பேய் பிசாசுக்குப் பயந்தவள் இல்லை. நேரில் வந்தால் நாலு கேள்வி கேட்கிற ரகம். ஆனால் அன்று அக்காவின் முகத்தில் இருந்த சந்தோஷம் என்னை நடுங்க வைத்தது. அவள் பிடித்தால் பிடித்த பிடிதான். வழிகாட்டியிடம் நான் போய்ச் சொன்னால், அவருக்குத் தெரியாமல் தனியாகவே ஏறிவிடுவாள். அதனால் அடுத்த ஏரி நடைக்குப் பணம் கட்டி நானும் சேர்ந்துகொண்டேன். மலை பக்கமே தலை வைத்துப் படுக்காதவள் ஷூ மாட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து வழிகாட்டிக்கு வாய் பிளந்துவிட்டது.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் நாக்குத் தள்ளியது. ஏரிக்கரையில் உட்காராமல் அக்கா நின்றபடியே ரொட்டியைத் தின்றாள். உட்கார்ந்தால் எழ முடியாது என்பதை நான் கண்டுகொண்டேன். அவளும் நான் கண்டுகொண்டதைக் கண்டுகொண்டு முகத்தைத் திருப்பினாள். இறங்கும்போது அவளுக்கு முன்னால் நான், எனக்கு முன்னால் ஒரு பருத்த மனிதர் என்று வரிசை வைத்துக்கொண்டோம். அக்காவின் நடையைக் கேட்டுக்கொண்டே இறங்கினேன். அழுத்தம், இழுப்பு. அழுத்தம், இழுப்பு.

பனி இறங்கியது. ஈரமான வெள்ளை. பருத்த மனிதரின் பைகூட மறைந்துவிட்டது. "நிக்காம போடி, வழி சறுக்கும்" என்றாள் அக்கா. நான் கல்லைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். எப்போது அவள் காலடிச் சத்தம் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. என் மூச்சு இரைச்சலில் அது விழவில்லை.

"கடைசி?" கீழேயிருந்து வழிகாட்டியின் குரல் வந்தது.

"வந்தாச்சு!"

பதில் எனக்குப் பின்னால், வெகு அருகில் கேட்டது. கொஞ்சம் கரகரத்த குரல். அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தேன். நிம்மதியாக அடுத்த அடி வைத்தேன். கீழே வழிகாட்டியின் கோல் கல்லில் தட்டுகிற சத்தம் நகர ஆரம்பித்தது.

அப்போது மேலேயிருந்து, நான் நினைத்ததைவிட வெகு தூரத்திலிருந்து, அக்கா அலறினாள்.

"வரல! நான் வரல! அவர் பேச்சை நம்பாதீங்க! பொய் சொல்றாரு! நான் இங்க உக்காந்துட்டேன், எனக்குக் கால் வரல!"

மலை முழுக்க அது மோதித் திரும்பியது. அப்படி ஒரு குரல் அவளுக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முன்னால் எல்லாக் காலடிகளும் நின்றன. எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவேண்டிய இடம் அது. நான் பார்த்தேன். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அந்த வெள்ளைக்குள்தான் ஏறிப் போக வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

அக்கா ஒரு பாறையில் இருந்தாள். இடது கால் நீட்டியிருந்தது. இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், யாரோ இழுக்கிற மாதிரி.

"நான் வாயே தொறக்கலடி. எனக்குப் பதிலா அவரே சொல்லிட்டாரு" என்றாள்.

வழிகாட்டி ஓடி வந்து சேர்ந்தபோது அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "அந்தக் குரல் எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரையும் பிறகு நான் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். யாரும் குரல் கொடுக்கவில்லை என்றார்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன்.

மழைக்கோட்டை விரித்து அக்காவைக் குப்புறப் படுக்க வைத்தேன். அந்தச் சின்னப் பெண் சொன்னபடி முழங்கையை ஊன்றி மெல்ல மெல்ல எழும்பினாள். "பாதத்துல இருக்கு... கெண்டைக்கால்ல... இப்ப தொடைக்கு வந்துடுச்சு" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வலி இடுப்புக்கு ஏறும் வரை ஒருத்தரும் அசையவில்லை. பருத்த மனிதர் அவள் பையை வாங்கிக்கொண்டார். வழிகாட்டி தோள் கொடுத்தார். அழுதுகொண்டே கொடுத்தார். வெளிச்சம் இருக்கும்போதே குடிலுக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

மறுநாள் மேல் அறையில் அவள் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தாள். நான் கேட்டேன். "அவர்கிட்டப் போகத்தானே ஆசைப்பட்டே? அப்புறம் ஏன் கத்தினே?"

"அவர் சொன்னதும் முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. சரி, இனிமே நான் ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா உக்காந்திருந்தா போதும்னு இருந்துச்சு." தலையணையைச் சரிசெய்துகொண்டாள். "அப்புறம் கோபம் வந்துச்சுடி. அன்னிக்கும் இப்படித்தானே சொல்லியிருப்பாரு. ஒரே ஒரு தடவை வரலன்னு கத்தியிருந்தா வழிகாட்டி திரும்பி ஓடி வந்திருப்பாரு. கத்தலையே. நான் ஒருத்தி வீட்ல காத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சிருந்தா கத்தியிருக்க மாட்டாரா?"

மாமாவை எனக்கும் பிடிக்கும். அவள் காலைப் பிடித்துவிட்டேன்.

வேலை போகவில்லை. கால் முழுசாகச் சரியாகவும் இல்லை. குளிர் அதிகமானால் இன்னும் சுருக்கென்று இழுக்கும். சம்பளம் குறைவு என்றாலும் கீழ்ப்பாதையில் சின்ன நடைகளுக்கு அவளே கடைசி ஆள். இப்போது அங்கே விதியை மாற்றிவிட்டார்கள். வெறும் வந்தாச்சு செல்லாது. கடைசி ஆளுக்கு நேர் முன்னால் நடக்கிறவர் அவரைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் குரலை முன்னால் கடத்த வேண்டும். அக்காதான் கேட்டு வாங்கினாள்.

கீழ்ப்பாதைக்கும் எப்போதாவது பனி வரும் போலிருக்கிறது. பருவம் முடியப்போகும் சமயத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் மேலே ஏறாமல் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பையைக்கூடக் கழற்றவில்லை. நான் தைத்துக்கொண்டிருந்த கூடாரத் துணியை வைத்துவிட்டு வந்தேன்.

"இன்னிக்குப் பனி வந்துச்சு" என்றாள். "எல்லாரும் முன்னால போனதும் நான் நின்னு கூப்பிட்டுப் பாத்தேன். வந்தாச்சுன்னு சொன்னேன். மறுபடி சொன்னேன். அவர் பேரைச் சொல்லியும் கூப்பிட்டேன்."

"ம்."

"யாரும் இல்லடி. பின்னால ஒருத்தரும் இல்ல."

முகம் கோணியது. காலில் வலி என்று நினைத்து நான் குனிந்தேன். வலி இல்லை. அழுகை. மாமாவைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று வராத அழுகை, ஊரே சுற்றி உட்கார்ந்து வரவழைக்கப் பார்த்தும் வராத அழுகை, அப்போது அந்தப் படியில் வந்தது. இடுப்பு குலுங்கக் குலுங்க அழுதாள்.

"இப்பத்தான்டி அவர் செத்துப்போனாரு" என்றாள்.

பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.